வாசலுக்கு வெளியே நின்ற பயம்: குடியாத்தம் பக்கத்துக் கர்ப்பிணி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

வயது 26. இரண்டாவது கர்ப்பம். கடைசி மாதவிலக்கு 2020 நவம்பர் நடுவில். எதிர்பார்த்த பிரசவத் தேதி 2021 ஆகஸ்ட் பிற்பகுதி. ரத்த அழுத்தம் சரியான அளவில், சர்க்கரை இல்லை, ஹீமோகுளோபின் 9.8. முதல் குழந்தை சுகப்பிரசவம். அரசின் கர்ப்பிணிப் பதிவான பிக்மி எண் வாங்கி, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு எழுதிக்கொடுத்து, மாதப் பரிசோதனைக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்தவர். கர்ப்பிணி அட்டையைப் புரட்டினால் ரத்தசோகை தவிரக் கவலைப்பட ஒன்றும் கிடையாது. இதே பெண்தான் 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், 27-ஆவது வாரத்தில், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 91 வரை இறங்கியும் ஆஸ்பத்திரிக்கு வர மறுத்து ஒன்றரை நாள் வீட்டிலேயே படுத்திருந்தார்.

தமிழ்நாட்டில் ஆஸ்பத்திரிப் பிரசவம் 99.6 சதவீதம் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு. ஆஸ்பத்திரிக்குப் போவதா வேண்டாமா என்ற பேச்சே எழாத ஊர்களில் ஒரு கர்ப்பிணி போக மாட்டேன் என்றால் அதற்குக் கனமான காரணம் இருக்க வேண்டும். "விழிப்புணர்வு இல்லை" என்று எழுதிக் கோப்பை மூடுவது எளிது. அது உண்மையாகாது. தொற்று எப்படிப் பரவும், முகக்கவசம் எப்படிப் போட வேண்டும், கையை எத்தனை நேரம் கழுவ வேண்டும் என்பதெல்லாம் அவர் எனக்கே ஒப்பித்துக் காட்டக்கூடியவர். அவருடைய கணக்கு வேறு இடத்தில் இருந்தது. அந்தக் கணக்கு என்ன என்பதே இந்த ஆய்வு. அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வீடும் தெருவும்

குடியாத்தத்திலிருந்து பேரணாம்பட்டு போகும் வழியில் ஒரு கிராமம். ஒரு கூடம், ஒரு அறை, முன்னால் தகரக் கொட்டகை. வீட்டில் ஏழு பேர்: இவர், கணவர், நான்கு வயது மகள், மாமியார், கொழுந்தன், கொழுந்தனைக் கட்டி வந்து சில மாதங்களே ஆன ஓரகத்தி, கல்யாணமாகாத 19 வயது நாத்தனார். கணவருக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை. கம்பெனி வேனில் போய் வருவார். நாத்தனாரும் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில். கொழுந்தன் குடியாத்தம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். மாமியாரும் மருமகளும் வீட்டிலேயே பீடி சுற்றுகிறார்கள். ஒரே கழிப்பறை.

பீடி சுற்றுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மடியில் முறம். முறத்தில் ஈரத்துணியில் சுருட்டி வைத்த இலை, கத்தரிக்கோல், நூல்கண்டு, ஒரு ஓரமாகக் குவித்த தூள். ஏழாம் மாதத்தில் முறம் மடியில் நிற்காது, வயிற்றின் மேல் ஏறி உட்காரும். தூள் பறந்து மூக்கில் ஏறும். அந்த வீட்டில் இருமல் என்பது காலை விடிவதைப் போல தினப்படி சங்கதி. புகையிலைத் தூளோடு நாள் முழுக்கப் புழங்கும் கர்ப்பிணிகளுக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுதல் என்று மருத்துவம் எச்சரிக்கிறது. அவரிடம் சொன்னபோது, "எங்கம்மா என்ன வயித்துல வெச்சுக்கினு சுத்துனவங்க தானேக்கா" என்று சிரித்தார். பழகிய ஆபத்து ஆபத்தாகத் தெரியாது. பின்னால் நடந்ததற்கெல்லாம் அடித்தளம் இதுதான் என்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

தாய்வீடு ஆம்பூர்ப் பக்கம். பழைய வட ஆற்காடு 1989-ல் இரண்டாகப் பிரிந்தது. அதில் மிஞ்சிய வேலூர் மாவட்டம் 2019 நவம்பரில் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது, குடியாத்தம் வேலூரிலேயே நின்றது. அப்போது இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்கே மாதத்தில் ஊரடங்கு வந்து, மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும் என்றானபோதுதான், அரைமணி நேரத்தில் போய்விடும் அம்மா வீடு கர்ப்பிணிகளுக்கு வேறு மாவட்டமாகிவிட்டது உறைத்தது. 2021-லும் அதேதான், இ-பதிவு என்று பெயர் மட்டும் மாறியிருந்தது. வளைகாப்பு போட்டுத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போவது வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள், கடைசி மாதங்களில் ஒரு பெண்ணுக்கு யார் தண்ணீர் எடுத்துக்கொடுப்பார்கள், யார் ஆஸ்பத்திரியில் கூட இருப்பார்கள் என்று யோசிக்க வேண்டும். அந்தத் துணை கையைவிட்டுப் போன கர்ப்பம் இது.

தெருவுக்கும் ஒரு நினைவு இருந்தது. 2020 மே மாதம் கோயம்பேடு சந்தை வேலையிலிருந்து திரும்பிய பையனுக்குத் தொற்று உறுதியானது. வீட்டின் முன்னால் தகரம் அடித்தார்கள், கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், தெருமுனையில் சவுக்குக் கட்டை கட்டினார்கள். பையன் இரண்டு வாரத்தில் தேறிவிட்டான். பால்காரர் அந்த வீட்டுக்கு மறுபடி வர மாதக்கணக்கானது. அவன் அம்மா ரேஷன் கடை வரிசையில் நின்றால் முன்னாலும் பின்னாலும் இடம்விட்டு நின்றார்கள். "கொரோனா வூடு" என்ற பெயர் ஒரு வருடம் கழித்தும் போகவில்லை. அந்தத் தகரம் அடித்ததற்கு முந்தின மாதம்தான், 2020 ஏப்ரல் கடைசியில், ஆந்திர எல்லையில் குடியாத்தம்–பலமநேர் சாலையிலும் பொன்னை–சித்தூர் சாலையிலும் குறுக்கே சுவரே எழுப்பிவிட்டார்கள். எதிர்ப்பு கிளம்பிப் பிறகு இடித்தார்கள். நோய் வெளியே இருந்து வருவது, அதைச் சுவரும் தகரமும் வைத்துத் தடுப்பது என்ற பாடத்தை ஊர் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொற்றுள்ள வீட்டைத் தனிமைப்படுத்துவது நம் ஊருக்குப் புதிதல்ல. அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுவோம். வெளியாள் வர மாட்டார்கள், வீட்டார் துக்கத்துக்கோ கல்யாணத்துக்கோ போக மாட்டார்கள், கர்ப்பிணியை அந்தப் பக்கமே விட மாட்டார்கள். அந்த வேப்பிலையை வீட்டுக்காரர்களே தங்கள் கையால் செருகுகிறார்கள். அதில் மரியாதை உண்டு, தலைக்குத் தண்ணி ஊற்றியதும் தானாக விலகும். தகரத்தை வேறு யாரோ வந்து ஆணியடித்தார்கள். இரண்டும் செய்யும் வேலை ஒன்றே. ஆனால் ஒன்றைப் பெண்கள் தாங்களே முன்வந்து செய்கிறார்கள், மற்றொன்றுக்குப் பயந்து காய்ச்சலை மறைக்கிறார்கள்.

புளியங்கொட்டைக் கணக்கு

2021 ஏப்ரலில் எங்கள் களக்குழு கர்ப்பிணிகளிடம் ஒரு சின்னப் பயிற்சி செய்துகொண்டிருந்தது. ஏழு படங்களைத் தரையில் பரப்புவோம்: ஆஸ்பத்திரி, பஸ், ரேஷன் கடை, சாவு வீடு, ஷூ கம்பெனி, ஊசி, சொந்த வீடு. கையில் 20 புளியங்கொட்டை கொடுத்து, எங்கே கொரோனா பயம் அதிகமோ அங்கே அதிகமாக வையுங்கள் என்போம். எழுதப் படிக்கத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் தயங்காமல் செய்வார்கள். வாய்ப்பேச்சில் "ஆமாங்க, சரிங்க" என்று தலையாட்டுகிறவர்கள்கூடக் கொட்டையை வைக்கும்போது உள்ளதைக் காட்டிவிடுவார்கள்.

இவர் முதலில் ஒரு பிடி அள்ளி ஆஸ்பத்திரிப் படத்தின் மேல் போட்டார். எட்டு. ஊசிக்கு ஐந்து. பஸ்ஸுக்கு மூன்று. மிச்சம் நான்கை ரேஷன் கடைக்கும் சாவு வீட்டுக்கும் இரண்டிரண்டாகப் பிரித்தார். சாவு வீட்டில் வைத்ததிலிருந்து ஒன்றை எடுத்துக் கம்பெனிப் படத்துக்கு மேலே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். கம்பெனிக்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்கும் ஒன்றும் இல்லை.

"வூட்ல ஒண்ணுமே வெக்கலையேம்மா?"

"வூட்ல இன்னாக்கா பயம்? நம்ம ஆளுங்க தானே கீறாங்க."

"சரி, இந்தப் பயமெல்லாம் யாருக்கு? உனக்கா?"

"எனக்கு இன்னா ஆவப்போவுது. வயித்துல கீறதுக்குத் தான்."

இந்த இரண்டு பதில்களிலும் முழு நிகழ்வும் அடங்கிவிட்டது. தொற்று பரவும் வழியைத் தெரிந்துவைத்திருந்தவர், அதைப் பரப்பக்கூடிய ஆட்களின் பட்டியலில் தன் வீட்டு ஆட்களைச் சேர்க்கவில்லை. தினமும் ஆம்பூருக்கு வேனில் நெருக்கியடித்துப் போய் வரும் கணவரும், மார்க்கெட்டில் நூறு பேரோடு புழங்கும் கொழுந்தனும், தையல் வரிசையில் உட்காரும் நாத்தனாரும் ராத்திரி ஒரே கூடத்தில் வரிசையாகப் படுக்கிறார்கள். அங்கே ஒரு கொட்டைகூட விழவில்லை. மாதம் ஒருமுறை போகும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மேல் எட்டு. அவர் மட்டும் இப்படி வைக்கவில்லை. அந்தப் பயிற்சியில் வீட்டுப் படம் பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தது.

பால் ஸ்லோவிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987-ல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் எல்லாரும் படிப்பது. சாதாரண மக்கள் ஆபத்தை எடைபோடும்போது இறப்பு எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. அது எவ்வளவு கிலியூட்டுகிறது, எவ்வளவு பழக்கமில்லாதது, நம் கைப்பிடிக்குள் இருக்கிறதா என்றே பார்க்கிறார்கள் என்றார். ஆஸ்பத்திரியும் ஊசியும் அந்த மூன்றிலும் உச்சத்தில் நின்றன. வீடு மூன்றிலும் அடியில். நான் இதோடு இன்னொன்றைச் சேர்ப்பேன். சோறு வருகிற இடத்தை ஆபத்து என்று ஒத்துக்கொண்டால் அடுத்த வேளைக்கு வழி சொல்ல வேண்டும். பீடி இலை வரத்து நின்று வீட்டில் கைவேலை இல்லாத நாளில், கணவரின் கம்பெனி மேல் ஒரு கொட்டையை வைக்க அவருக்குக் கை வராதது எனக்கு நன்றாகவே புரிகிறது.

"எனக்கு இன்னா ஆவப்போவுது" என்பதும் அப்படித்தான். நம்முடைய எல்லாச் செய்தியும் "உங்களுக்குத் தொற்று வரலாம், உங்களுக்குக் கடுமையாகலாம்" என்று தனியொரு ஆளைப் பார்த்துப் பேசின. கர்ப்பிணி கேட்பது வேறு: குழந்தைக்கு வருமா, குழந்தை ஊனமாகுமா, குழந்தையை என்னிடமிருந்து பிரிப்பார்களா. உண்மை நிலை நேர்மாறாக இருந்தது. கருவுக்குத் தொற்று பரவுவது அரிது. தாய்க்குத்தான் ஆபத்து. கருப்பை மேலேற ஏற உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு நுரையீரலில் தங்கும் காற்றின் கையிருப்பு குறைகிறது. உடலுக்கோ ஆக்சிஜன் தேவை கூடுகிறது. அதனால் நுரையீரலைத் தாக்கும் எந்தக் கிருமியும் கடைசி மாதங்களில் சட்டென்று மூச்சை முட்டவைக்கும். 1918 ஃப்ளூவிலும் 2009 பன்றிக் காய்ச்சலிலும் இதே கதைதான். கோவிட் இரண்டாம் அலையின் நிலைமையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2021 ஜூனில் வெளியிட்டது: தொற்று உறுதியான கர்ப்பிணிகளிலும் பிரசவித்த தாய்மாரிலும் அறிகுறியோடு வந்தவர்கள் முதல் அலையில் 14.2 சதவீதம், இரண்டாம் அலையில் 28.7, இறப்பு 0.7 சதவீதத்திலிருந்து 5.7-க்கு ஏறியிருந்தது. தாய் மூச்சுத்திணறினால் குறைமாதப் பிரசவமும் வயிற்றிலேயே குழந்தை இறப்பதும் கூடும். குழந்தையைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் உன் மூச்சைப் பார் என்று அவரிடம் யாரும் அந்த வரிசையில் சொல்லவில்லை.

மே மாதம்

2021 மே 10-ல் முழு ஊரடங்கு. மறுநாள் கணவருக்கு உடம்பு வலி, காய்ச்சல். அக்னி நட்சத்திரம் நடக்கும் நாள். வேலூர் வெயிலைத் தெரிந்த யாரும் மே மாதக் காய்ச்சலுக்கு வேறு காரணம் தேட மாட்டார்கள். சூட்டுக் காய்ச்சல் என்று மோரும் வெந்தயமும் கொடுத்தார்கள், கபசுரக் குடிநீரும் வைத்தார்கள். மூன்று நாளில் தணிந்தது. கூடத்தில்தான் படுத்திருந்தார், மகள் பக்கத்திலேயே.

வைகாசி 1, குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நாள். அந்த வருடமும் ஊர் கூடவில்லை. அன்றைக்கு இவருக்கு இருமல் தொடங்கியது. தூள் இருமல் என்று விட்டார். இரண்டு நாள் கழித்து முறத்தில் தூளைக் கொட்டும்போது வாசனையே வரவில்லை. பத்து வருடமாகக் கையிலும் புடவையிலும் ஏறிய வாசனை அது. மாமியாரிடம், "அத்தை, தூளு நல்லால்லியா, வாசனையே காணோம்" என்று கேட்டிருக்கிறார். மாமியார் மோந்து பார்த்து எப்பவும் போலத்தான் இருக்கிறது என்றிருக்கிறார். அந்த நேரத்தில் இவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு என்னிடம் சொன்னார்: "தெரிஞ்சுதுக்கா. தெரிஞ்சதும் வாய மூடிக்கினேன்."

வாயை மூடியதற்கு முதல் காரணம் தகரம். இரண்டாவது, கர்ப்பிணி என்பதால் வீட்டில் வைத்துப் பார்க்க விட மாட்டார்கள், கட்டாயம் அழைத்துப் போவார்கள் என்ற நிச்சயம். மூன்றாவது, நாத்தனாருக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். தன்னால் வீட்டுக்குப் பெயர் கெடக்கூடாது. நோயின் பயம் இந்த மூன்றுக்கும் பிறகு வந்தது.

கிராம சுகாதார செவிலியர் காய்ச்சல் கணக்கெடுப்புக்கு வந்தபோது, பேசும்போது நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்குவதைக் கவனித்தார். விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால் 93. கர்ப்பிணிக்கு 95-க்குக் கீழே போனாலே சேர்க்க வேண்டும். பரிசோதனைக்குச் சளி மாதிரி எடுத்து, 108-க்குப் போன் போட்டார். வண்டி வந்தது. அவர் ஏறவில்லை. மறுநாள் காலையில் 91.

ஒன்றரை நாள்

அந்த ஒன்றரை நாளில் அந்த வாசலில் நடந்த பேச்சை முடிந்தவரை எழுதுகிறேன். ஆய்வின் கனம் இங்கேதான் இருக்கிறது.

செவிலியர் ஆக்சிஜனைப் பற்றிப் பேசினார். 91 என்றால் என்ன, 88-க்குப் போனால் என்ன ஆகும் என்றார். நானும் போனில் அதையே சொன்னேன். அவர் மறுத்துப் பேசவேயில்லை. எல்லாவற்றுக்கும் "சரிங்க்கா" என்றார். நகரவில்லை. மாமியார், "எனக்கு இன்னா தெரியும், அவ இஷ்டம்" என்றார். கணவர் தன்னால்தான் வந்தது என்று தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

அன்று மாலை செவிலியர் கேள்வியை மாற்றினார். "வரலன்னா வேணாம். அங்க போனா இன்னா ஆவும்னு நெனைக்கிற, அத மட்டும் சொல்லு" என்றார். அப்போதுதான் கொட்டியது. தனியாகப் போட்டுவிடுவார்கள், செத்தால் துணியில் சுற்றிக் காட்டாமலே எரிப்பார்கள். மகள் இனி கிட்டே வராது. ஆறு மாசக் குழந்தையை வயிற்றைக் கிழித்து எடுத்துவிடுவார்கள். அப்படியே பிழைத்துப் பிரசவமானாலும் பால் கொடுக்க விட மாட்டார்கள், குழந்தையை வேறு அறையில் வைப்பார்கள். இவற்றில் எதுவும் கற்பனையில் முளைத்ததில்லை. 2020-ன் தொடக்க மாதங்களில் பல இடங்களில் பிறந்த குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து வைத்தார்கள். தாய் முகக்கவசம் போட்டு, கை கழுவிப் பால் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது ஊர்ப் பெண்கள் காதுக்கு அதே வேகத்தில் வரவில்லை. முதல் செய்தி மனதில் ஊன்றிவிட்டது, திருத்தம் பின்னால் நொண்டியபடி வந்தது.

இந்த வட்டாரத்து மருத்துவத்தின் தொடக்கத்தை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று இளம் பெண்கள் பிரசவத்தில் இறந்தார்கள். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று அவர்கள் வீட்டார் மறுத்துவிட்டார்கள். அதைப் பார்த்த ஐடா ஸ்கடர் மருத்துவம் படித்துத் திரும்பி 1900-ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதுதான் சி.எம்.சி. மருத்துவமனை. மருத்துவம் பக்கத்திலேயே இருந்தது, போய்ச்சேரும் வழி இல்லை. அன்றைக்கு யார் தொடுவது என்பது கேள்வி. 2021-ல் யாரைப் பிரிப்பார்கள் என்பது கேள்வி.

வழி திறந்தது பின்தெருப் பெண் ஒருவரால். 2020 செப்டம்பரில் அவருக்குப் பிரசவம், அப்போது தொற்று உறுதியாகியிருந்தது. அறிகுறி இல்லை, ஆஸ்பத்திரியிலிருந்து தாய்வீடு போய்த் தங்கிவிட்டுத்தான் ஊர் திரும்பினார். ஊரில் ஒருவருக்கும் தெரியாது. எட்டு மாதம் கட்டிக்காத்த ரகசியம். செவிலியருக்கு மட்டும் தெரியும். ஆனாலும் அவர் ஒருபோதும் வாய் திறக்கவில்லை, திறக்கக்கூடாது. இப்போது செவிலியர் அந்தப் பெண்ணிடமே போய்க் கேட்டார். வருவதும் வராததும் உன் விருப்பம் என்றார்.

அந்தப் பெண் வந்தார். இடுப்பில் எட்டு மாதப் பிள்ளையோடு, வேலிக்கு வெளியே நான்கு முழம் தள்ளி முகக்கவசத்தோடு நின்று, அக்கம்பக்கம் எல்லாம் கேட்கும்படி பேசினார். "எனக்கும் வந்துச்சு. இவன் பொறந்த அன்னிக்கே எனக்கு பாசிட்டிவ்." இவர் கேட்டது ஒரே கேள்வி: "பால் குடுக்க வுட்டாங்களா?" "மொத நாளே குடுத்தேன். மாஸ்க்கு போட்டுக்கினு. பாரு, எப்டிகீறான்னு." தொற்று வந்தவள் என்று தெருவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் வந்து நின்றார். என் களவாழ்க்கையில் நான் கண்ட துணிச்சலான செயல்களில் இதை முதலில் வைப்பேன்.

அதற்குப் பிறகு பேச்சு சாமானைப் பற்றியதானது. டச் போனை அவரே கொண்டுபோகலாமா, சார்ஜர் குத்த இடம் இருக்குமா, மகளிடம் வீடியோவில் பேசலாமா, யார் கஞ்சி கொடுப்பார்கள். தாயின் உயிருக்கே அவசியம் என்றாலொழிய இந்த வாரத்தில் குழந்தையை எடுக்க மாட்டார்கள் என்று மருத்துவர் போனில் நேரடியாகச் சொன்னார். சரி என்று எழுந்தார்.

சிகிச்சை பற்றி நீட்ட ஒன்றுமில்லை. ஆக்சிஜன், ஸ்டீராய்டு, ரத்தம் உறையாமலிருக்க ஊசி. கவிழ்ந்து படுக்க முடியாததால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். வென்டிலேட்டர் தேவைப்படவில்லை. ஜூன் முதல் வாரத்தில் வீடு திரும்பினார். ஆகஸ்டில், 39-ஆவது வாரத்தில், சுகப்பிரசவம். ஆண் குழந்தை, 2.6 கிலோ. கணவருக்கும் நாத்தனாருக்கும் தொற்று உறுதியானது, இருவரும் கல்லூரி விடுதியில் அமைத்திருந்த பராமரிப்பு மையத்தில் இருந்து தேறினார்கள்.

ஒரே வீட்டில் மூன்று பயம்

பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் என்று மொத்தமாகச் சொல்கிறோம். இந்த ஒரு வீட்டிலேயே மூவர் இருந்தார்கள், மூவர் கணக்கும் மூன்று விதம். ஊசி விஷயத்தில் அது அப்பட்டமாகத் தெரிந்தது.

2021 ஜனவரி 16-ல் தடுப்பூசி தொடங்கியபோது கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் கிடையாது என்றார்கள். சோதனைகளில் அவர்களைச் சேர்க்காததால் தரவு இல்லை என்பது காரணம். பெண்கள் அதை, ஊசி குழந்தைக்கு ஆகாது என்றே எடுத்துக்கொண்டார்கள். மே 19-ல் பாலூட்டும் தாய்மாருக்கும், ஜூலை 2-ல் கர்ப்பிணிகளுக்கும் அனுமதி வந்தது. ஆறு மாதம் "போடக்கூடாது" என்று கேட்ட காதுக்கு "போடு" என்பது சந்தேகத்தையே கொடுத்தது. இத்தனைக்கும் கர்ப்பகால டி.டி. ஊசிக்கு ஒருவரும் முகம் சுளித்ததில்லை. "அது எங்கம்மா காலத்துலேர்ந்து போடறது."

நம் நோயாளிக்குத் தொற்று வந்து போயிருந்ததால் மூன்று மாதம் தள்ளிப்போட வேண்டியிருந்தது. ஜூலையில் மறுபடி படங்களைப் பரப்பியபோது வீட்டின் மேல் ஆறு கொட்டை விழுந்தது, கம்பெனி மேல் ஐந்து, ஆஸ்பத்திரிக்கு இரண்டே. ஊசி மட்டும் அதே ஐந்தில் நின்றது. நோய் வந்து பிழைத்தால் ஊசிப் பயம் போய்விடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அக்டோபரில், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, போட்டுக்கொண்டார். தாய்க்கு உண்டாகும் எதிர்ப்புப் பொருள் பாலிலும் போகும் என்ற ஒரு வாக்கியம்தான் வேலை செய்தது. மறுபடியும் கணக்கு குழந்தைக்கே.

ஓரகத்தியின் பயம் வேறு. கல்யாணமாகிச் சில மாதம், மாதா மாதம் தலைக்குக் குளிக்கும்போதெல்லாம் மாமியாரின் பார்வையைச் சந்திக்கிறவர். "ஊசி போட்டா தங்காது" என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் சுற்றியது. கருத்தரிப்பதைத் தடுப்பூசி கெடுக்கிறது என்பதற்குச் சான்றில்லை. மாதவிலக்குச் சுழற்சி சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாகத் தள்ளிப்போய்ப் பிறகு சரியாகிறது என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. அந்த ஒரு நாள் தள்ளுவதே அவருக்குப் பெரிய விஷயம்: நின்றுவிட்டது என்று நம்பி, வீட்டில் சொல்லி, மறுநாள் ஏமாந்தால்? அவரிடம் கொரோனா ஆபத்தைப் பற்றி எத்தனை பேசியும் எடுபடவில்லை, எடுபடாது. அவர் தட்டில் வைத்து நிறுத்துக்கொண்டிருந்தது மருமகள் என்ற இடத்தை. 2021 கடைசியில் கர்ப்பமானார். நான்காம் மாதத்தில் தானே கேட்டுவந்து போட்டுக்கொண்டார். தங்காது என்ற பயம் தங்கியதும் போய்விட்டது. மூத்தவள் ஆக்சிஜன் குழாயோடு வீடியோவில் பேசியதை அவர் மறக்கவில்லை.

நாத்தனார்தான் வீட்டிலேயே முதலில் போட்டவர், மூன்று மாதக் கெடு முடிந்ததும், கம்பெனி முகாமில். அம்மாவிடம் சொல்லவில்லை. இரவில் வந்த காய்ச்சலை மாதவிலக்கு வலி என்று சொல்லிச் சமாளித்தார். வரன் கைகூடுகிற நேரத்தில் ஊசி போட்ட பெண் என்று யாராவது பேச்சை ஆரம்பிப்பார்கள் என்ற அச்சம் அம்மாவுக்கு. ஊசி இல்லாவிட்டால் வேலைக்குக் கூப்பிட மாட்டார்களோ என்ற அச்சம் மகளுக்கு.

பணியில் மாறியவை

இந்த நிகழ்வுக்குப் பிறகு எங்கள் களக்குழுவில் வீட்டுப் பார்வையின் வரிசையை மாற்றினோம். தொற்றின் அறிகுறிகளைச் சொல்வதற்கு முன்னால், "வீட்டிலிருந்து தினமும் வெளியே போய் வருகிறவர்கள் யார், ராத்திரி எங்கே படுக்கிறார்கள்" என்று கேட்கிறோம். கர்ப்பிணி அட்டையில் இதற்கு இடமே கிடையாது. பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுகிறோம். கணவரிடமும் மாமியாரிடமும் நேராகப் பேசுகிறோம்: காய்ச்சல் வந்தால் கூடத்தை விட்டுத் தகரக் கொட்டகையில் கட்டில் போட்டுப் படுப்பது கணவரின் பொறுப்பு. இதைக் கர்ப்பிணி தன் வாயால் கணவரிடம் சொல்ல முடியாது. வேறு யாராவது சொல்லியாக வேண்டும். அம்மை போட்ட வீட்டின் ஒழுங்கை நினைவுபடுத்திச் சொன்னால் மாமியார்கள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். "வேப்பல செருகுற மாதிரி" என்று அவர்களே முடித்துவைக்கிறார்கள்.

இரண்டாவது, ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது முதலில் சொல்வது கூட யார் வரலாம், போன் இருக்குமா, பால் கொடுக்கலாமா என்பது. ஆக்சிஜன் அளவு அதற்குப் பிறகு. உத்தரவு மாறினால், பழைய உத்தரவு ஏன் இருந்தது, இப்போது ஏன் மாறியது என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். அதை விழுங்கிவிட்டுப் புதியதை மட்டும் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

தகரத்துக்கு எங்களிடம் மருந்து இல்லை. பின்தெருப் பெண்ணின் வீட்டுக்கு அந்த மாலைக்குப் பிறகு கொஞ்ச காலம் யாரும் தயிர் கேட்டு வரவில்லை. அவருடைய கடனை அடைக்கும் பொறுப்பு பொதுச் சுகாதாரத்தில் வேலை செய்யும் எங்கள் எல்லாருக்கும் உண்டு. அடுத்த தொற்று வரும்போது தனிமைப்படுத்தும் முறையைத் தீர்மானிக்கும் மேசையில், அப்படி ஒரு தெருவில் வாழ்ந்த பெண்களையும் உட்காரவைக்கக் கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். பின்தெருப் பெண்ணும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.